இரண்டாம் சனிக்கிழமைத் தவறுகள்

ஒரு கூட்டத்துக்கு எத்தனை நாற்காலி போடுவது என்பது லேசான வேலையல்ல. போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஐம்பது போட்டு இருபது பேர் வந்தால் கல்யாணம் நின்றுபோன மண்டபம் மாதிரி ஆகிவிடும். நான் எதிர்பார்ப்பதில் முக்கால்வாசிதான் போடுவேன். மீதியைச் சுவரோரம் அடுக்கிவைத்துவிட்டு, ஆள் வர வர, "இன்னும் கொண்டுவாங்க, இன்னும் கொண்டுவாங்க" என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன். பதினோரு வருட அனுபவத்தில் சொல்கிறேன், அந்தச் சத்தம் கேட்டால் உட்கார்ந்திருப்பவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

விசாரணைக் குழுவினராகிய நீங்கள் மூவரும், நடந்ததை என் சொந்த வார்த்தைகளில் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். அந்த வாக்கியம் நம் நடத்தை விதிகளின் பதினாறாம் பிரிவில் வருகிறது. எழுதியவன் நான்தான். எழுதும்போதே நன்றாக வந்திருக்கிறது என்று தோன்றியது.

உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும் பதிவுக்காகச் சொல்லிவிடுகிறேன். நம்முடையது மென்பொருள் எழுதுகிறவர்களின் பயனர் குழு. மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஒரு நிறுவனம் பெரிய மனது வைத்துத் தரும் சாப்பாட்டுக் கூடத்தில் கூடுகிறோம். சம்பளமும் கிடையாது, சந்தாவும் கிடையாது. ஒருவர் மாட்டிக்கொண்ட இடத்தை இன்னொருவர் அவிழ்த்துவிடுவார். அவ்வளவுதான் சங்கதி. ஆரம்பத்தில் நான் வெறும் ஒருங்கிணைப்பாளர். இன்னொருவரும் ஒருங்கிணைப்பாளர் ஆனபோது குழப்பம் வரக்கூடாதே என்று முதன்மை ஒருங்கிணைப்பாளர் ஆனேன். அதற்கடுத்த வருடம் நிறுவனர் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். எல்லாமே ஒருமனதாக நிறைவேறியவை. கை தூக்கியவர்களை எண்ணியவனும் நான்தான்.

வாரநாட்களில் நான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்து மேசை. காகிதம் சிக்கிக்கொண்டால் என்னைக் கூப்பிடுவார்கள். ஒன்பது வருடத்தில் என் கருத்தைக் கேட்டது ஒருமுறை, ஜன்னல் திரைக்கு என்ன நிறம் போடலாம் என்று. அதையும் பிறகு மாற்றிவிட்டார்கள். இரண்டாம் சனிக்கிழமை மட்டும் நூறு பேர் என்னை அண்ணா என்று கூப்பிடுவார்கள். இதை நான் காரணமாகச் சொல்லவில்லை. பின்னணி தெரியட்டும் என்று சொல்கிறேன்.

நம் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பயன்படுத்துவது 'தேதிப்பெட்டி' என்னும் இலவச நிரல்தொகுப்பு. இன்றிலிருந்து நாற்பத்தைந்து நாள் கழித்து என்ன தேதி என்று கேட்டால் சொல்லும். கேட்பதற்கு அற்பமாக இருக்கும். ஆனால் பள்ளிக்கூடம், நூலகம், பல் மருத்துவர் என்று தேதி போட்டு வேலை செய்கிற இடமெல்லாம் அதுதான் அடியில் கிடக்கிறது. அதை முதலில் எழுதியவர் இப்போது தேனீ வளர்க்கிறார். சாவியை என்னிடம் கொடுத்தபோது, "நீங்களே பாத்துக்குங்க. எனக்குத் தேனீயே போதும். அதுங்க ஒருநாளும் புது வசதி கேட்டதில்ல" என்றார். அன்றிலிருந்து தேதிப்பெட்டியில் ஒரு வரி மாற வேண்டும் என்றாலும் நான்தான் மாற்ற வேண்டும்.

நான் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். வந்த வினையே அதுதான். ஆறு வருடத்தில் அதில் இருந்த தவறுகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்திவிட்டேன். தவறில்லாத பொருளைப் பற்றிப் பேச யார் சனிக்கிழமை காலையில் எழுந்து வருவார்கள்? அறுபது பேர் நாற்பதானார்கள், நாற்பது பேர் பதினைந்தானார்கள். ஒரு மாதம் ஒன்பது பேர். அதில் ஒருவர் கைபேசிக்கு மின்னேற்ற வந்தவர்.

அன்று வீட்டுக்குப் போனால் என் மனைவியின் தம்பி சோபாவில் உட்கார்ந்திருந்தான்.

"மாமா, எத்தனை பேர் வந்தாங்க?"

"சுமார்தான்."

"நாற்காலியையும் சேத்து எண்ணிப் பாத்தீங்களா?"

உள்ளேயிருந்து என் மனைவி, "டேய், சும்மா இருடா. அவர் போனார்ல, அவர் ஒருத்தர்" என்றாள். அக்கா தம்பி இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போய்க் கணினியைத் திறந்தேன்.

முதல் தவறு மிகச் சிறியது. வாரம் திங்களில் தொடங்குகிறதா, ஞாயிறிலா என்பதை ஓர் இடத்தில் மட்டும் மாற்றிவைத்தேன். அடுத்த கூட்டத்துக்கு நாற்பத்தொரு பேர் வந்தார்கள், முகமெல்லாம் வெளிறிப்போய். ஒருவருடைய நூலகத்தில் புத்தகம் எடுத்தவர்களுக்கெல்லாம் ஒரு நாள் முன்னதாகவே மிரட்டல் கடிதம் போயிருந்தது. நான் மேடையில் உட்கார்ந்து, திரையில் எல்லோரும் பார்க்க, பன்னிரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்தேன். இரண்டு நிமிடமே போதும். ஆனால் வேண்டுமென்றே இரண்டு தடவை தப்பான இடத்தில் தேடினேன். பார்க்கிறவர்களுக்கும் ஏதோ கற்றுக்கொண்ட நிறைவு வேண்டுமல்லவா? கைதட்டல் ஓய்ந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர், "அண்ணா மட்டும் இல்லன்னா நாமெல்லாம் என்ன ஆவோம்" என்றார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது.

அதன்பிறகு ஒழுங்காகவே செய்தேன். மாதத்துக்கு ஒரு தவறு. அதன் ஆயுள் இரண்டாம் சனிக்கிழமை வரை. எவ்வளவு நல்ல தவறாக இருந்தாலும் அதற்கு மேல் ஒரு நாள்கூட உயிரோடு விட்டதில்லை. புதிய பதிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைகளையும் நான்தான் எழுதினேன் என்பதால் அங்கே எந்தத் தடையும் இல்லை. கூட்டம் நூறைத் தாண்டியது. "முதலில் புதுப்பி, பிறகு புலம்பு" என்று ஒரு வாசகம் உருவாக்கிக் கொடுத்தேன். பிரச்சினை எதுவானாலும் முதல் வேலையாகத் தேதிப்பெட்டியின் புதிய பதிப்பை ஏற்றிவிட வேண்டும், பழையதை அழித்துவிட வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். பிள்ளைகள் அதைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். தடயத்தை அவர்கள் கையாலேயே அழிக்கவைக்கும் ஏற்பாடு என்று உங்கள் குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியும் பார்க்கலாம்.

இனி முதல்வரிசையைப் பற்றிச் சொல்கிறேன். அவள் எப்போதும் முதல் வரிசையில் உட்காருவாள், அதனால் அந்தப் பெயர். நான் தும்மினாலும் குறிப்பெடுத்துக்கொள்வாள். தேர்வு நடத்திக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. படித்து முடித்த முதல் வேலை. அவள் அப்பாவுக்கு அவளைப் பற்றிப் பெருமை சொல்வதே தொழில் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

அந்த மாதத் தவறு, முப்பது நாள் மாதத்தைத் தாண்டிக் கணக்கிட்டால் ஒரு நாள் கூடும் என்பது. அழகான தவறு. மாதக் கடைசியைத் தாண்டாத வரை வெளியே தெரியாது. அவளுடைய நிறுவனம் செவிலியர் வேலைக்கான தேர்வு ஒன்றுக்கு ஹால் டிக்கெட் அச்சடித்தது. தேதியைப் போட்டது அவள் எழுதிய நிரல். அதற்குத் தேதி சொன்னது தேதிப்பெட்டி. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் தேர்வுக்கு மறுநாள் வந்து நின்றார்கள். சிலர் கைக்குழந்தையோடு. பூட்டிய கேட்டுக்கு உள்ளிருந்து காவலாளி, "நேத்தே முடிஞ்சிடுச்சேம்மா" என்று இருநூற்றுப் பன்னிரண்டு தடவை சொல்லியிருக்கிறார், பாவம். பிறகு மறுதேர்வு வைத்தார்கள். நூற்றெழுபது பேர் எழுதினார்கள். மற்றவர்களுக்கு அதற்குள் வேறு நல்ல வேலை கிடைத்திருக்கும். நான் எதிலும் நல்லதையே நினைப்பவன்.

செய்தி வந்த அரைமணி நேரத்தில் அந்தத் தவறை எடுத்துவிட்டேன். இரண்டாம் சனிக்கிழமைக்கு முன்னால் நான் எடுத்த ஒரே தவறு அது. எனக்கும் மனசாட்சி உண்டு என்பதைக் குழு கவனிக்க வேண்டும். புதிய பதிப்போடு போகும் மாற்றக் குறிப்பில் 'சிறு மெருகேற்றல்' என்று எழுதினேன். அவளுடைய அலுவலகத்தில் முதல்வரிசையைக் கூப்பிட்டுக் கேட்டபோது, அவள் பதற்றத்திலும் நான் கற்றுக்கொடுத்ததை மறக்கவில்லை. முதலில் புதுப்பித்தாள். பிறகு எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டினாள். தேதி சரியாக வந்தது. பத்து தடவை ஓட்டினாள், பத்து தடவையும் சரியாக வந்தது. ஆக, தேதிப்பெட்டியில் குறை இல்லை, தவறு அவளுடையது. அன்று மாலையே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வந்து, எல்லோரும் போகும்வரை காத்திருந்தாள்.

"அண்ணா, நான் எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் தெரிஞ்சா போதும். வேலை போனாக்கூடப் பரவால்ல."

"தப்பு பண்ணாத ஆள் யாரும்மா இருக்காங்க?"

"நீங்க பண்ணதில்லையேண்ணா."

இரண்டு மணிநேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் நிரலை வரிவரியாகப் படித்தேன். மிகச் சுத்தமான வேலை. கடைசியில், "சில தப்பு கண்ணுக்குத் தெரியாதும்மா" என்று சொன்னேன். அது உண்மை. பிறகு, அவள் மனம் லேசாகட்டுமே என்று, அடுத்த மாதம் அவளையே பேசச் சொன்னேன். 'என் தவறிலிருந்து நாம் கற்பது' என்று தலைப்பும் கொடுத்தேன். நூற்றெண்பத்தாறு பேர் வந்தார்கள், அதுவரை இல்லாத கூட்டம். அவள் குரல் உடைந்தபோது நான் ஒலிவாங்கியைச் சற்று நெருக்கிப் பிடித்தேன். அன்றைக்கு, "அக்கா, கவலைப்படாதீங்க" என்று யாரோ கத்த, கூடமே எழுந்து நின்றது. ஒரு சமூகம் என்றால் என்னவென்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

அதற்குப் பிறகு அவளுக்கு எங்கும் வேலை கிடைக்கவில்லை. அந்தப் பேச்சின் காணொளியைப் பலரும் பார்த்திருந்தார்கள் போலிருக்கிறது. இந்தத் தொழிலே வேண்டாம், துணிக்கடையில் பில் போடப் போகிறேன் என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

மாட்டிவிட்டது அவளுடைய சித்தி. அந்த அம்மாவுக்கு மாத்திரை எந்தெந்தத் தேதியில் என்று நினைவூட்ட அவள் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்திருக்கிறாள், அதே மாதத்தில். நான் இத்தனை கூவியும் என் வாசகம் போய்ச் சேராத ஓர் ஆத்மா அந்தச் சித்தி. புதுப்பிக்கவா என்று கணினி கேட்கும்போதெல்லாம் 'பிறகு' என்பதையே அழுத்துபவர். "என்னடி இது, முப்பத்தொண்ணு இல்லாத மாசம் வந்தா மட்டும் ஒரு நாள் தள்ளிக் கூப்பிடுது? உனக்கு வேலை போனது சரிதான் போல" என்று தொலைபேசியில் திட்டியிருக்கிறார். முதல்வரிசை ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறாள். பழைய தேதிப்பெட்டி, அப்படியே, தவறோடு. நம் தொழிலில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் எழுதியவர் பெயரும் எழுதிய நேரமும் ஒட்டிக்கொண்டே இருக்கும். கேட்டால் காட்டும். என்னைப் பற்றி அதுவரை யாரும் கேட்டதில்லை.

போன மாதம் நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்தாள். மடிக்கணினியை நீட்டினாள்.

"அண்ணா, இந்த வரி நீங்க எழுதினதா?"

"என் பேர்தானே இருக்கு."

"கவனிக்காம விட்டுட்டீங்களாண்ணா? இது கத்துக்குட்டி பண்ற தப்பாச்சே."

இந்த இடத்தில் நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவளும் அதைத்தான் எதிர்பார்த்து வந்தாள், என்னை மன்னிப்பதற்குத் தயாராக. ஆனால் கத்துக்குட்டி என்ற வார்த்தை எனக்குச் சுருக்கென்றது.

"நான் கவனிக்காம எழுதுற ஆளாம்மா? அந்தத் தவறு சோதனையில மாட்டாம இருக்க, சோதனையையும் சேத்து மாத்தணும். நாலு இடத்துல கைவைக்கணும். கத்துக்குட்டியால முடியுமா?"

அவள் மடிக்கணினியை மூடினாள். பிறகு, "மொத்தம் எத்தனைண்ணா?" என்றாள். பத்தொன்பது என்றேன். குறிப்பெடுக்கவில்லை. முதல்முறையாக.

ஆகவே, குழு கேட்டதற்கு என் பதில்: ஆம், நான்தான் செய்தேன். பத்தொன்பதையும், தெரிந்தே, ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்த பிறகு. செய்ததெல்லாம் நம் குழு உயிரோடிருக்கத்தான்.

அவள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தவறு தேதிப்பெட்டியினுடையது, அவளுடையது அல்ல என்று அவளுடைய பழைய நிறுவனத்துக்கு என் கையெழுத்தோடு நான்கு வரிக் கடிதம். வருகிற புதன்கிழமைக்குள் கிடைத்தால் பழைய இடத்துக்கே எடுத்துக்கொள்வதாக மேலாளர் சொல்லியிருக்கிறார். வியாழனன்று வேறு ஆளை நியமித்துவிடுவார்கள். கடிதத்தை நான் எழுதிவிட்டேன். ஏழு தடவை திருத்தியதில் நான்கு வரி இரண்டு பக்கமாகியிருக்கிறது. நன்றாகவே வந்திருக்கிறது.

அதை இப்படித் தபாலில் போட்டு வீணாக்க எனக்கு மனமில்லை. அவளை அவமானப்படுத்தியது மேடை என்றால், மானத்தைத் திருப்பித் தர வேண்டியதும் மேடைதான். இரண்டாம் சனிக்கிழமைக்குப் பெரிய அரங்கமாகப் பிடித்திருக்கிறேன். 'ஒரு தவறின் கதை: எழுதியவரே சொல்கிறார்' என்று மட்டும்தான் அறிவிப்பு. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பதிவு செய்துவிட்டார்கள். கடைசியில் அவளை மேலே அழைத்து, எல்லோரும் பார்க்க, கடிதத்தை அவள் கையில் கொடுப்பேன். நேற்று தொலைபேசியில் புதன்கிழமை, புதன்கிழமை என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். புதனுக்கும் சனிக்கும் வித்தியாசம் மூன்றே நாள்தானம்மா, தேதி விஷயத்தில் இவ்வளவு கறாராக இருக்கக்கூடாது என்று எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.