மொச்சை வேகாத வருடம்

தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, வயல் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணியாரே, வணக்கம்.

நம் மொச்சைத் திருவிழாவின் தலைமைச் சமையற்காரர், நாம் கரண்டியார் என்று அழைத்த பெரியவர், காலமாகிவிட்டார். எனக்கு முன் பேசியவர்கள் அவரைத் தங்கமான மனிதர் என்றார்கள். நான் சங்கத்துக் கிடங்குக்காரன், உள்ளதைச் சொல்கிறேன். அவரிடம் திட்டு வாங்காதவர் இங்கே யாராவது உண்டா? அண்டா மூடியைத் திறந்து எட்டிப் பார்த்ததற்குத் தலைவரையே விரட்டியவர். உப்பை நம்பமாட்டார், விறகை நம்பமாட்டார். நான் அனுப்பும் மூட்டையை மட்டும் பிரித்துப் பார்க்காமல் ஊறப்போடுவார்.

ஆறு வருடங்களுக்கு முந்தைய திருவிழா நினைவிருக்கிறதா? மொத்தமாக வாங்க வந்து ருசி பார்த்த வியாபாரிகளின் தட்டில் பாதி மொச்சை குழைந்திருந்தது, பாதி கல்லாகக் கிடந்தது. கரண்டியாருக்குக் கைப்பக்குவம் போய்விட்டது என்று யார் சொன்னது? நாம்தான் சொன்னோம். அடுத்த வருடமே அவரை அடுப்பிலிருந்து எழுப்பி, வாசலில் சீட்டுக் கிழிக்க உட்கார வைத்தோம்.

அந்த மூட்டையைக் கட்டியவன் நான். புதுச் சரக்கு குறைந்தது என்று பழைய மொச்சையைக் கலந்துவிட்டேன். இரண்டும் ஒன்றாக வேகாது என்பது கிடங்குக்காரனுக்குத் தெரியாதா? தெரியும். வெளியே தெரியாது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை கிடங்குக்கு வந்தார். வேகாத மொச்சை நாலைந்தை மேசையில் வைத்தார்.

"இது போன வருஷத்து சரக்குதானே?"

"ஆமாண்ணே. நானே போய் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"வாயத் தொறக்காத. கிடங்குல கலப்படம்னு தெரிஞ்சா ஒருத்தர் மூட்டையும் விக்காது. சமையக்காரன் சொதப்பிட்டான்னா, ஆள மாத்திட்டுப் போயிடுவாங்க."

அந்த வாரம் எல்லார் மூட்டையும் விற்றது. அவர் பெயர் மட்டும் கெட்டது. நானும் வசதியாக வாயை மூடிக்கொண்டேன். கட்டிய மனைவி, நம் அண்ணியாரிடம்கூட அவர் சொல்லவில்லை என்று நேற்றுதான் தெரிந்தது. வெட்கப்படுகிறேன்.

சங்கம் என்னை என்ன செய்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். யார் பொறுப்புக்கு வந்தாலும், விளைந்த வருடத்தை எழுதாமல் ஒரு மூட்டையும் கிடங்கை விட்டுப் போகக்கூடாது. அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் சொன்னீர்கள். அதை இதிலிருந்து தொடங்குவோம்.

அண்ணி, அவர் கைப்பக்குவம் ஒருநாளும் போகவில்லை.