பாராட்டுகளுக்குள் கிடந்த எச்சரிக்கைகள்

காவல் ஆய்வாளர் அவர்களே, எழுதுகோலோடு அமர்ந்திருக்கும் தலைமைக் காவலர் அவர்களே, சாளரத்துக்கு வெளியே செவி சாய்த்து நிற்கும் தோழர்களே! ஆபத்து வருமுன் எழுதி எழுதிச் சொன்னவன் உங்கள் கம்பிக்குப் பின்னால் இருக்கிறான். அவன் எழுதியதைத் திறந்தும் பாராதவர் குளிரூட்டிய அறையில் இருக்கிறார். இதுவே என் குறை.

ஆய்வாளர் குறுக்கிட்டு, "ஐயா, இது மேடை இல்ல. வயசு, தொழில், முகவரி, அப்புறம் நடந்ததை வரிசையா சொல்லுங்க" என்றமையால், அவ்வாறே சொல்கிறேன்.

வயது அறுபத்திரண்டு. தொழில், கட்டடப் பராமரிப்புத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். தோழர்கள் என்னை 'முழக்கம்' என்று அழைப்பர். சலவைக் கடைக்கு மேலுள்ள சங்க அலுவலகத்தின் பின்னறையில் குடியிருக்கிறேன்.

நேற்று முற்பகல், ஏழு மாடி வணிக வளாகத்தின் முதல் மின்தூக்கி கம்பிவடம் அறுந்து இரு தளம் கீழே இறங்கி நின்றது. உள்ளே இருந்த துப்புரவுப் பெண்மணிக்குக் கால் முறிந்தது. அதன்பின் மாலையில், மின்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் எங்கள் உறுப்பினரை, வடம் தேய்ந்திருந்ததை யாருக்கும் தெரிவிக்கவில்லை என்ற குற்றச்சாட்டின்பேரில் அழைத்து வந்தீர்கள். அவரைத் தோழர்கள் 'கிரீஸ்' என்பர். எத்தனை சோப்புப் போட்டாலும் அவர் விரல் நகங்கள் வெளுத்ததில்லை. வளாக மேலாளர் தந்த அச்சுத்தாள் ஒன்று உங்கள் கோப்பில் உள்ளது. 'புகார்' என்ற லேபிளின் கீழ் இவர் அனுப்பிய மின்னஞ்சல் எதுவும் இல்லை என்று அதில் ஒரே ஒரு வரி இருக்கிறது.

இன்று காலை நானும் கிரீஸின் மனைவியும் மேலாளரின் அறைக்குச் சென்றோம். மேலாளர் முகம் கோணாமல் வரவேற்றார். "வாங்க தலைவரே. கத்திப் பேச வேண்டிய அவசியமே இல்ல. மெஷின் பொய் சொல்லாது, நீங்களே பாருங்க" என்று சொல்லி, எழுத்தராகப் பணிபுரியும் பெண்ணைக் கணினியின் முன் அமரச் சொன்னார்.

அந்த எழுத்தர் எனக்கு விளக்கியது இது. அலுவலகத்துக்கு வரும் ஒவ்வொரு மடலுக்கும் ஓர் அடையாளச்சீட்டு உண்டு. அவர்கள் அதனை லேபிள் என்கின்றனர். புகார், வாடகை, விளம்பரம் என்று பல. அண்மையில் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றை அஞ்சற்பெட்டியோடு இணைத்துள்ளனர். எந்த லேபிளைச் சொல்கிறோமோ, அதன் கீழுள்ள மடல்களை அது வரிசைப்படுத்திக் காட்டும். "பட்டியல் மட்டும்தான் ஐயா போடும். அழிக்கிறதுக்கோ பதில் அனுப்புறதுக்கோ அதுக்கு அனுமதி கொடுக்கல" என்றார் அவர்.

அதன்பின் எழுத்தர், 'புகார்' லேபிளில் கிரீஸின் மடல்களைக் காட்டு என்று தட்டினார். மேலாளர் திரையைப் பார்த்து, "இவர் அனுப்பிய மின்னஞ்சல் எதுவும் இல்லை. கேட்டீங்களா?" என்று நாற்காலியில் சாய்ந்தார். என் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு நானும் திரையைப் பார்த்தேன். அவ்வரிக்குக் கீழே இன்னும் சில வரிகள் இருந்தன. அவற்றை நான் உரக்கப் படித்தேன்: "இந்த ஒரு லேபிளை மட்டுமே பார்த்தேன். இவர் எழுதவேயில்லை என்று இதைக் கொண்டு கூற இயலாது. வேறு லேபிள்களிலும் பார்க்கட்டுமா?"

ஆய்வாளர் அவர்களே, உங்கள் கோப்பிலுள்ள தாள் முதல் வரியோடு முடிந்துவிடுகிறது. மிச்சத்தை வெட்டியது கருவியன்று.

இவ்விடத்தில் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டுகிறேன். தொழிலாளியின் பிழைப்பைப் பறிக்க வந்த பொறி என்று இத்தகைய கருவிகளை வாயிற்கூட்டங்களில் சாடியவன் நான். அக்கருத்தில் பாதியை இன்னும் வைத்திருக்கிறேன். ஆயினும், தான் பார்த்தது எவ்வளவு, பாராதது எவ்வளவு என்று எல்லை வகுத்துச் சொல்லும் அந்த நேர்மையை நான் மனமார மெச்சுகிறேன். அறையில் இருந்த அதிகாரிக்கு அஞ்சி அது ஒரு சொல்லைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. பெருமன்றங்களில் பேசிப் பழகிய நாவுக்கே எளிதில் வாய்க்காத அடக்கம் அது.

அதன்பின் நான் எழுத்தரிடம், வேறு என்னென்ன லேபிள்கள் உள்ளன என்று கேட்டேன். அவர் படித்துக்கொண்டே வந்து 'பாராட்டு' என்றதும் நிறுத்தச் சொன்னேன். காரணம் உண்டு. முன்பு துப்புரவுப் பணியாளர் ஒருவர் மேலிடத்துக்குக் கடுமையாக எழுதப்போய், திமிர் பிடித்தவர் என்று பணிநீக்கம் செய்யப்பட்டார். அதிலிருந்து எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம். மேலிடத்துக்கு எழுதும் மடல் எதுவாயினும் நன்றியோடு தொடங்க வேண்டும்; குறை அதற்குப் பின்னரே வரவேண்டும். கிரீஸ் சங்க வழக்கத்தை மீறாதவர்.

மேலாளரிடம், 'பாராட்டு' லேபிளில் மடல்கள் எவ்வாறு சேர்கின்றன என்று கேட்டேன். "நன்றி, வாழ்த்துன்னு ஆரம்பிக்கிறதெல்லாம் தானா அங்க போயிடும் தலைவரே. வருஷக் கடைசியில முதலாளிக்குக் காட்டுவேன். அதையெல்லாம் தினம் படிச்சிட்டு உக்கார முடியுமா?" என்றார்.

எழுத்தர் அந்த லேபிளைச் சொன்னார். பட்டியல் விரிந்தது. வரவேற்பறைப் பூச்செடிகள் அழகு என்று ஒருவர், புதிய கழிப்பறைக்கு வாழ்த்து என்று ஒருவர். அவர்களுக்கு நடுவே கிரீஸின் மடல்கள், தேதி வரிசையில், தலைப்புகளோடு.

"நன்றி ஐயா. முதல் லிப்டின் ரோப்பில் இழை பிரிகிறது."

"மீண்டும் நன்றி ஐயா. இழை இன்னும் பிரிகிறது."

"மிக்க நன்றி ஐயா. தயவுசெய்து லிப்டை நிறுத்தி வையுங்கள்."

ஒவ்வொன்றின் அருகிலும் 'படிக்கப்படவில்லை' என்று கருவி குறித்திருந்தது.

கிரீஸின் மனைவி திரையருகே வந்து நின்று மெல்லப் படித்தார். "கட்டின நாளா எனக்கு ஒரு நன்றி சொன்னதில்ல அந்த மனுஷன். இவருக்கு இத்தனையா!" என்றார். சிரித்தார். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

மேலாளர் எழுத்தரின் பக்கம் குனிந்து, "அந்த லேபிளை மட்டும் எடுத்துடும்மா" என்றார். எழுத்தர், "இந்தக் கருவிக்கு அந்த அனுமதி இல்ல சார். எனக்கு அனுமதி இருக்கு, மனசு இல்ல" என்று சொல்லிக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். இப்பெண்ணின் வேலைக்கு இன்றே ஆபத்து வரலாம் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன்பின் எழுத்தரே, "ஐயா, கடைசி மடலைப் பாருங்க" என்றார். அது நேற்றுக் காலை, விபத்துக்குச் சற்று முன்னர் வந்தது. தலைப்பு: "நன்றி ஐயா. இரண்டாம் லிப்டிலும் அதே ரோப், அதே தேய்வு."

மேலாளர் அறையின் சுவர் கண்ணாடியால் ஆனது. அதன் வழியே இரண்டாம் மின்தூக்கி தெரியும். ஐந்தாம் தளத்தில் குழந்தை மருத்துவர் இருக்கிறார். முதல் தூக்கி நின்றுபோனதால் எல்லோரும் இரண்டாவதன் முன்னே வரிசையில் நின்றிருந்தனர். கதவு திறந்தது. மஞ்சள் காலுறை அணிந்த குழந்தையைத் தோளில் சாய்த்தபடி ஒரு தாய் உள்ளே போனார். ஒலிபெருக்கி இல்லாமலே என் குரல் தெருக்கோடி வரை கேட்கும் என்பார்கள். அந்நேரம் அது எழவில்லை.

கதவு மூடி, தூக்கி மேலே சென்று, இறங்கி வந்தது. அதனை உடனே நிறுத்துமாறு மேலாளரிடம் சொன்னேன். "அவன் பயந்தாங்கொள்ளி தலைவரே. ரெண்டாவது லிப்டுக்குப் போன மாசம்தான் பெயின்ட் அடிச்சோம். ஒண்ணும் ஆகாது" என்றார்.

அதற்குள் கிரீஸின் மனைவி வெளியே போய்விட்டார். இரண்டாம் தூக்கியின் திறந்த கதவுகளுக்கு நடுவே, ஒரு கால் உள்ளும் ஒரு கால் வெளியுமாக நின்றுகொண்டார். கதவு மூடாதவரை தூக்கி நகராது என்பது அவர் கணவர் சொல்லித் தெரிந்தது. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தனர். காவலாளி, "அம்மா, நகருங்க, டாக்டர் வெயிட் பண்றாரு" என்றார். கிரீஸின் மனைவி, பின்னாலேயே வந்த என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்க போய்ப் பேசுங்க. பேசறது உங்க வேலை. நான் நிக்கிறேன்" என்றார். நான் நேரே இங்கு வந்தேன்.

இதில் உள்ளவற்றை நானே கண்டேன், நானே கேட்டேன்; ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை. என் தோழரை விடுவியுங்கள். அஞ்சற்பெட்டியை யாரும் துடைக்குமுன் உங்கள் பொறுப்பில் எடுங்கள். இவ்விரண்டும் ஒரு மணி நேரம் பொறுக்கும். மூன்றாவது பொறுக்காது.

தலைமைக் காவலர் கையெழுத்துக்குப் பேனாவை நீட்டுகிறார். வாங்க மாட்டேன் ஐயா. அந்தப் பெண் இன்னும் அந்த வாசலில் நிற்கிறார், அவரை எந்நேரமும் இழுத்துப் போட்டுவிடுவார்கள். முதலில் தொலைபேசியை எடுங்கள். இரண்டாம் மின்தூக்கியின் விசையை அணைக்கச் சொல்லுங்கள். அணைந்தது என்ற சொல் என் காதில் விழட்டும், கையெழுத்து இடுகிறேன். எடுங்கள், இப்போதே!