முறுக்கு டின்னில் எட்டு டி.சி.

ஓடுகிறேன். காந்தி மார்க்கெட். காலை பத்தே முக்கால். காலில் செருப்பு இல்லை. அழுகின தக்காளியில் வழுக்கி விழுந்தேன். எழுந்தேன். மறுபடி ஓடுகிறேன்.

முதல் ஷட்டர் இறங்குகிறது. தடதடவென்று. இரண்டாவது. மூன்றாவது. பட்டப்பகலில் மார்க்கெட்டில் ஷட்டர் இறங்கினால் அடிதடி என்றுதான் அர்த்தம். அப்படியானால் எனக்கு முன்னால் வந்துவிட்டார்கள்.

"அக்கா! வந்துட்டானுங்க! மேல இருக்காதீங்க, இறங்குங்க!"

தொண்டை கிழியக் கத்தினேன். நாலாவது ஷட்டர் சத்தத்தில் அது அமுங்கிப் போனது.

அக்கா என்றால் யாஸ்மின் அக்கா. இருபது வயது. பி.காம். கடைசி வருஷம். அவள் அத்தா துபாயில். அவர்கள் வீட்டு உருளைக்கிழங்கு மண்டியின் மாடியில், படிப்பை நிறுத்தின பெண்களுக்குப் பாடம் எடுத்தாள். எந்த வீட்டில் பெண்ணை நிறுத்தினாலும் அந்த வாசலில் போய் நிற்பாள். சரியாக ஒன்பது பத்துக்கு. பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடும் நேரம். நோட்டை விரித்து, தெருவே கேட்க அந்தப் பெண்ணின் பேரைக் கத்துவாள். மூன்று தடவை. பதில் வராவிட்டால் "ஆப்சென்ட்" என்று சொல்லிவிட்டுப் போவாள். மறுநாள் மறுபடி வருவாள். சாணித் தண்ணீர் ஊற்றினார்கள். நாயை அவிழ்த்துவிட்டார்கள். "நல்லா ஊத்துங்க. இந்தச் சுடிதார எப்படியும் இன்னைக்குத் துவைக்கணும்" என்று சிரித்தாள். கொழுப்பு என்றார்கள். அந்தக் கொழுப்பில் கால்வாசி எனக்கு இருந்திருக்கக் கூடாதா.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரையோரம். அப்பா வாழைத்தார் வெட்டப் போவார். பத்தாவதில் நான் நானூற்றுப் பதினெட்டு. போதும் என்று டி.சி.யை வாங்கி வந்துவிட்டார். முசிறியில் அத்தை மகன் குமரேசன். அவனுக்கு இருபத்தொன்பது. எனக்குப் பதினாறு. அந்த வாரமே வாசலில் கேட்டது.

"செல்வராணி!"

பன்னிரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதிமூன்றாம் நாள் உள்ளேயிருந்து "பிரசன்ட்!" என்று கத்தினேன். அப்பா அறைந்ததில் இடது காது இன்னும் சரியாகக் கேட்காது.

அன்று மதியமே டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் பீரோவிலிருந்து திருடி அக்காவிடம் கொடுத்தேன். இப்படி எட்டுப் பேர் கொடுத்திருந்தோம். வீட்டில் இருந்தால் கிழித்துவிடுவார்களே. எல்லாவற்றையும் ஒரு பழைய முறுக்கு டின்னில் போட்டு வைத்தாள். எட்டும் ஒரே இடத்தில். பத்திரமாம். எங்களில் ஒருத்தி மண்டைக்கும் அது உறைக்கவில்லை.

மறுநாள் பிளஸ் ஒன் அட்மிஷனுக்குக் கடைசி நாள். எட்டுப் பேரையும் அக்காவே கூட்டிப்போவதாக இருந்தது. அன்று காலை அப்பா பீரோவைத் திறந்தார். டி.சி. இல்லை. குமரேசனுக்குப் போன் போனது. வந்தான். தோசைக்கரண்டியை அடுப்பில் வைத்தான். அது சிவக்கும்வரை எல்லோரும் சும்மா நின்றார்கள். அம்மா மட்டும் பேசினாள். "கேஸக் குறைச்சு வைங்க, வீணாப் போகுது."

முதல் சூட்டுக்கு நான் சொல்லவில்லை. இரண்டாவதுக்குச் சொன்னேன். மண்டி. படிக்கட்டுக்குக் கீழே. மூட்டைக்குப் பின்னால். கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்.

நாலு பேர் இரண்டு பைக்கில் கிளம்பினார்கள். நான் கொல்லைக் கதவு வழியாக ஓடி பஸ் பிடித்தேன். காவிரிப் பாலத்தில் பஸ் நின்றது. பதினெட்டு நிமிஷம். பாழாய்ப்போன பஸ்.

ஏழாவது ஷட்டர் இறங்கும்போது மண்டி வாசலுக்கு வந்துவிட்டேன். பெட்ரோல் வாடை. நடுத்தெருவில் டின்.

"எவனாவது கிட்ட வந்தீங்க, உங்களுக்கும் இதுதான்!" குமரேசனின் குரல்.

தீக்குச்சி உரசுகிற சத்தம். பிறகு குப்பென்று ஒரு சத்தம். அக்கா படியிலிருந்து பாய்ந்து வந்தாள். இரண்டு கையையும் நெருப்புக்குள் விட்டாள். அள்ளினாள். வந்ததெல்லாம் கரி. மறுபடி விட்டாள். துப்பட்டாவில் பற்றியது. நைலான். சிர்ரென்று தோலோடு ஒட்டியது. மார்க்கெட் முழுக்க ஆள். ஒரே ஒரு மூட்டை தூக்குகிறவர்தான் சாக்கை நனைத்துக்கொண்டு ஓடி வந்தார். அவர் பேர் எனக்குத் தெரியாது. நான் குழாயடியில் நின்றேன்.

ஸ்டேஷனில் விபத்து என்று எழுதியிருக்கிறது. சாட்சிக் கையெழுத்து என்னுடையது. அப்பா பக்கத்தில் நின்றார். அது பொய். இப்போது சொல்கிறேனே, இதுதான் சாட்சி.

போனவற்றின் கணக்கு இது. எட்டு டி.சி. எட்டு மார்க் ஷீட். வேறு நகல் கேட்டால் அப்பா கையெழுத்து வேண்டுமாம். எந்த அப்பா போடுவார்? எட்டுப் பெண்களில் ஐந்து பேருக்குக் கல்யாணம் ஆனது, நானும் சேர்த்து. இரண்டு பேர் மில்லுக்குப் போனார்கள். ஒருத்தியைக் கொள்ளிடத்திலிருந்து எடுத்தார்கள். யாஸ்மின் அக்காவுக்கு இரண்டு கையும் போயிற்று. வலது கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் அசையும். கடைசி செமஸ்டர் எழுதவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை, முசிறி. ஒன்பது பத்து. வாசலில் குரல்.

"செல்வராணி!"

ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறாள். அத்தை மிக்சியைப் போட்டாள். வெறும் ஜார். உள்ளே ஒன்றுமில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவைக்கு "பிரசன்ட்!" என்று கத்தினேன். நெஞ்சு வலிக்கக் கத்தினேன். மிக்சி ஓடிக்கொண்டே இருந்தது.

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அவள் வாய் அசைந்தது தெரிந்தது. ஆப்சென்ட்.