தாழ்ப்பாள் இல்லாத அறை

உடைந்த பொருளை உடனே சரிசெய்கிற வழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது. சமையலறைக் குழாய் சொட்டினால் அடியில் ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். "ஊர்ல உள்ள குழாயெல்லாம் சரிபண்றவருக்கு வீட்டுக் குழாய் மட்டும் கண்ணுல படாது" என்று மனைவி சொல்வாள். சிறுநீரக அறுவை மருத்துவரைக் கட்டிக்கொண்டவள் சொல்லக்கூடிய நகைச்சுவை அது. கல்யாணமான புதிதில் சொன்னாள், போன மாதம்வரை சொன்னாள். நானும் ஒவ்வொரு தடவையும் சிரித்திருக்கிறேன். என்மேல் புகார் கொடுத்தவள் அவள்தான் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவள்மேல் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை.

இந்த விசாரணைக் குழுவில் மருத்துவர் அல்லாதவர்களும் இருக்கிறீர்கள் என்றார்கள். ஆகையால் தொழிலைக் கொஞ்சம் விளக்கிவிடலாம். ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி உண்டு. வயது ஏற ஏற அது பருத்து, குழாயின் கழுத்தை நெரிக்கும். மாத்திரைக்கு அடங்கவில்லை என்றால், குழாய் வழியாகவே ஒரு கருவியை உள்ளே விட்டு, அதன் நுனியில் இருக்கிற கம்பி வளையத்தால் சுரப்பியின் உள்பக்கத்தைச் சுரண்டி வழி உண்டாக்குவோம். பழைய வேலை, நல்ல வேலை. நான் கண்டுபிடித்தது அந்தக் கம்பி வளையத்தில் ஒரு சின்ன வளைவு. குடைக்காம்பு போல லேசாக உள்ளே மடங்கும். அவ்வளவுதான். ஆனால் அது என் வளைவு.

புது வளையம் பழையதைவிட நல்லது என்று காட்ட ஓர் ஆய்வு நடத்தினேன். முதல் சுற்றை ஒழுங்காகவே நடத்தினேன். அதை யாரும் பாராட்டுவதில்லை. நிஜமான அடைப்பு உள்ள கிழவர்களைச் சேர்த்து, பாதிப் பேருக்குப் பழைய வளையம், பாதிப் பேருக்குப் புதியது. முடிவில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. மாநாட்டில் அதைப் படித்தபோது, என்னோடு படித்த நெட்டையர் எழுந்து நின்றார். பட்டப்பெயருக்கு ஏற்ற உயரம். அவர் எழுந்தாலே அரங்கம் திரும்பிப் பார்க்கும்.

"வளைவு அழகாத்தான் இருக்கு. அதனால நோயாளிக்கு என்ன லாபம்னு சொல்லலையே?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தேன். வளையத்தில் குறை இல்லை. அந்தக் கிழவர்களின் மூத்திரப்பை ஏற்கெனவே களைத்துக் கிடந்தது. சர்க்கரை, முதுகுவலி, தள்ளாமை. நான் கதவைத் திறந்துவிட்டேன். உள்ளேயிருந்து தள்ள ஆள் இல்லை. என் நோயாளிகள் நோயாளிகளாக இருந்ததுதான் சிக்கல்.

அந்தச் சமயத்தில்தான் பரிசோதனை அறையின் தாழ்ப்பாள் உடைந்தது.

எங்கள் பிரிவில் சிறுநீரின் வேகத்தை அளக்கும் அறைகள் இரண்டு. ஆள் உள்ளே போய் ஒரு புனலில் சிறுநீர் கழிக்க வேண்டும். கீழே இருக்கும் கருவி அதன் வேகத்தைக் கோடாக வரையும். ஆரோக்கியமான ஆளுக்குக் கோடு குன்றுபோல ஏறி இறங்கும். அடைப்பு உள்ளவனுக்குத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டே போகும். தாழ்ப்பாள் உடைந்தது வாசல் பக்கத்து அறையில். அதற்கு எதிரே காத்திருப்போர் பெஞ்சு. ஒரு பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர், சிறுநீரகக் கல் போய்விட்டதா என்று பார்க்க வந்தவர், அங்கே போனார். கதவை இரண்டு பேர் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு காலால் கதவை அணைத்துப் பிடித்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பிப் பார்த்தபடி வேலையை முடித்துவிட்டு வந்தார். கோட்டைப் பார்த்தேன். எண்பது வயதுக் கிழவரின் கோடு. எனக்கு நம்பிக்கை வரவில்லை. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, உள்பக்கத்து அமைதியான அறைக்கு அனுப்பினேன். குன்று என்ன, மலையே வந்தது.

கூச்சமும் அடைப்பும் அந்தக் கருவிக்கு ஒன்றுதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

கருவியை இயக்கும் பெண் மறுநாளே வந்து நின்றாள். "சார், முன் ரூம் தாழ்ப்பாளை மாத்தச் சொல்லணும் சார்."

"பார்க்கலாம்மா."

அவள் நல்ல பிள்ளை. பிறகும் பலமுறை கேட்டாள். நானும் பலமுறை பார்க்கலாம் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. கடந்துபோகும்போதெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதன்பின் ஐம்பது தாண்டிய ஆண்களுக்கு இலவச முகாம் போட்டோம். முகாமுக்கு வருகிறவன் திடமானவனாகத்தான் இருப்பான். முடியாதவன் ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் இருப்பான்.

"ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பீங்க?" என்று கேட்பேன்.

"ஒரு தடவை டாக்டர். சில நாள் அதுவும் இல்ல."

"ஒரு தடவையா..." என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பேனாவைக் கீழே வைப்பேன். வேறு எதுவும் சொல்வதில்லை. அந்த மௌனத்திலேயே மனிதர்களுக்கு முகம் வெளுத்துவிடும். பிறகு முன் அறைக்கு அனுப்புவேன். கோடு தரையோடு போகும். அதை அவரிடமே காட்டுவேன். தன் கண்ணால் பார்த்த பிறகு யாரும் தர்க்கம் செய்வதில்லை. ஸ்கேனில் சுரப்பி சின்னதாகத்தானே இருக்கிறது என்று எங்கள் ஜூனியர் ஒருவர் ஒருமுறை கேட்டார். சுரப்பி சின்னதாக இருந்தும் அடைப்பு பெரிதாக இருக்கலாம் என்றேன். பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, நீங்களும் பார்க்கலாம்.

இப்படி அறுவை சிகிச்சை தேவையே இல்லாத ஆண்களை ஆய்வில் சேர்த்தேன். 'தேவையே இல்லாத' என்பது உங்கள் சொல், மரியாதைக்காகப் பயன்படுத்துகிறேன். யாருக்கு எந்த வளையம் என்பதில் நான் தலையிடவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் புள்ளியியல்காரர் குலுக்கிப் போட்டு, தொலைபேசியில் 'பழசு' அல்லது 'புதுசு' என்பார். அதன்படியே செய்வேன். அறுவைக்குப் பிறகு மறுபடி கோடு எடுக்க வேண்டும். பழைய வளையத்து ஆட்களை அதே முன் அறைக்கு அனுப்பினேன். புது வளையத்து ஆட்களை உள் அறைக்கு. அங்கே குழாயைக் கொஞ்சம் திறந்துவைக்கவும் சொன்னேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் யாருக்கும் சுலபமாக வரும்.

"ஏன் சார் இவங்களை மட்டும் உள்ள அனுப்பறோம்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"அவங்க புதுசும்மா, பழகட்டும்" என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது. அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஓர் எண்ணைக்கூட நான் மாற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கருவி கண்டதை வரைந்தது. அது வரைந்ததை நான் படித்தேன். அடுத்த மாநாட்டில் நெட்டையரே எழுந்து கைதட்டினார். உயரமானவர் என்பதால் கடைசி வரிசைவரைக்கும் தெரிந்தது.

சில சின்ன அசௌகரியங்கள் இருந்தன. என் வளைவு, ஆழமாகப் போனால், சிறுநீரை அடக்கிப் பிடிக்கிற தசையைக் கொஞ்சம் உரசிவிடுகிறது. பருத்த சுரப்பியில் இடம் தாராளம். சின்னச் சுரப்பியில் கை வைக்கவே இடம் போதாது. ஆகவே சிலருக்கு ஒழுகியது. கட்டுரையிலும் 'சிறு அசௌகரியம்' என்றே குறித்தேன். பிறகு அந்த ஓவிய ஆசிரியர். அவர் நோயாளியே இல்லை. முகாமுக்கு வந்த நண்பருக்குத் துணையாக வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, எதிரே இருந்தவர்களையெல்லாம் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தார். என்னையும் வரைந்தார், மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிது. சும்மாதானே இருக்கிறீர்கள், ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்களேன் என்றேன். அறுவை நன்றாகவே நடந்தது. வீட்டுக்குப் போகும் முன்பே காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டது. அவருடைய இரண்டாவது கோட்டை எடுக்க முடியவில்லை. அதனால் அவர் முடிவுகளில் வரமாட்டார்.

இனி என் மச்சினன் விஷயம். நீங்கள் முக்கியமாகக் கேட்க நினைப்பது அதுதான் என்று தெரியும்.

மனைவியின் தம்பி. பஸ் டிரைவர். அவர்கள் அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால், எங்கள் வீட்டிலேயே வளர்ந்தான். எனக்கு மகன் மாதிரி என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை. ஆனாலும் அதுதான் உண்மை. பெரிய உடம்பு, பெரிய குரல், எதற்கும் சிரிப்பு. குளியலறைக்குப் போனால் பாட்டோடுதான் போவான். ஐம்பது வயது முடிந்ததும் முகாமுக்கு அவனாகவே வந்தான், என் முகாமில் கூட்டம் குறையக்கூடாது என்று. அக்காவையும் கூட அழைத்து வந்திருந்தான். அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவன் முன் அறைக்குள் போனான். எத்தனை கலகலப்பான ஆளாக இருந்தாலும், கூடப்பிறந்தவள் எதிரே உட்கார்ந்திருக்க, கதவு தானாகத் திறந்துகொள்ள, பாட்டு வராது.

அன்று சாயங்காலம் மனைவி கேட்டாள். "அவனுக்கு அடைப்பாமே? அவன் பாத்ரூம் போனா பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். அவனுக்கா அடைப்பு?"

"காதுக்குக் கேக்கிறது வேற, மெஷின் சொல்றது வேற."

"ஒரு காலால கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். நான் பார்த்தேன்."

"அது அவன் பழக்கம்."

பிறகு சாப்பாடு எடுத்துவைத்தாள். டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மற்ற மனைவிமார்களைப் போல அவளும் நினைத்திருக்க வேண்டும்.

அறுவை முடிந்து, சிறுநீர் வடிய வைத்திருந்த குழாயை எடுத்ததிலிருந்து அவனுக்கு நிற்கவில்லை. இருமினால், சிரித்தால், பிரேக்கை மிதித்தால் நனைந்துவிடும். சிரிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டான். பிரேக்கை மிதிக்காமல் பஸ் ஓட்ட முடியாது. சில வாரங்கள் இருக்கையில் பிளாஸ்டிக் விரித்துப் பார்த்தான். பயணி ஒருவர் வாடையைப் பற்றி நடத்துநரிடம் சொன்ன அன்று, வண்டியைப் பணிமனையில் விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டான். மனைவி அவனை என்னிடம் கூட்டி வரவில்லை. நெட்டையரிடம் கூட்டிப் போனாள். அவர் ஒரே கேள்விதான் கேட்டாராம், முதல் பரிசோதனை எப்படி நடந்தது என்று. பெஞ்சில் உட்கார்ந்து கண்டதை அவள் சொல்லியிருக்கிறாள். நெட்டையர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டாராம். அதன் பிறகுதான் புகார், அதன் பிறகுதான் நீங்கள்.

புகார் போன மறுநாள் மச்சினன் என்னைப் பார்க்க வந்தான். உட்காரச் சொன்னேன். "வேணாம் மாமா, நாற்காலி நல்லா இருக்கு" என்றான். நின்றுகொண்டே பேசினான்.

"அக்கா என்னென்னமோ சொல்றா. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க மாமா. நிஜமாவே அடைப்பு இருந்துச்சா?"

"இல்லாட்டியும் பின்னாடி வந்திருக்கும்டா. வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்."

கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "வந்ததுக்கப்புறம் பார்த்திருக்கலாமே மாமா" என்றான். வாசல்வரை போனவன் திரும்பி, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான். அவன் அக்கா வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். சாப்பிட்டேன் என்றேன்.

அன்றிலிருந்து ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன். அவனை மேசையில் கிடத்தியிருந்தபோது புள்ளியியல்காரர் கூப்பிட்டுச் சொன்ன சொல் 'பழசு'. பழைய வளையம் அந்தத் தசைப் பக்கம் போகாது. அதைப் பயன்படுத்தியிருந்தால் அவன் இன்றைக்குப் பஸ் ஓட்டிக்கொண்டிருப்பான், பாடிக்கொண்டும் இருப்பான். ஆனால் என் வீட்டுப் பிள்ளைக்குப் போய்ப் பழசா என்று மனசு கேட்கவில்லை. நல்லதைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். நர்ஸிடம் 'புதுசு' என்று சொல்லிவிட்டேன்.

மற்றபடி ஆய்வு முழுக்க நேர்மையாக நடந்தது. அந்த ஒரு குலுக்கலை மாற்றியது தவறு. பாசம் கண்ணை மறைத்துவிட்டது. அதற்காக உங்களிடம் மனமார மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அது ஒன்றுக்காக மட்டும்.