புள்ளிகளின் விறைப்பு

எனக்கு வாசிக்கிற குரல் நல்லது, சிஸ்டர். அதைக் கேட்டது என் தங்கை ஜெஸ்லியா மட்டும்தான் என்பதால் நீங்கள் நம்பாமலும் விடலாம்.

வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் என் தொண்டை அடைத்துவிடும். பிள்ளைகள் சிரிப்பார்கள், டீச்சரும் சேர்ந்து சிரிப்பார். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். பிறப்பிலேயே கண் தெரியாத ஜெஸ்லியாவுக்கு முன்னால் அந்த அடைப்பு வருவதில்லை. பாடப் புத்தகம், ஞாயிறு வாசகம், மீன் சுற்றி வந்த பேப்பர், எல்லாம் வாசித்தேன். "தங்கச்சிக்குக் கண்ணே இவள்தான்" என்று எங்கள் ஊர்த் தாழ்வுபாட்டுச் சனம் சொன்னது. என்னை மக்கு என்று சொன்னதும் அதே சனம்தான்.

பிறகு நீங்கள் அந்தப் பிரெயில் கருவியையும் அதற்கான போனையும் இரவலாகக் கொண்டுவந்தீர்கள். போனில் இருக்கும் எழுத்து கருவியில் புள்ளிகளாக எழும். விரலால் தடவி முடித்ததும் அடுத்த வரி எழும். ஜெஸ்லியா ஒரு நாவலைத் தானாகவே வாசித்தாள். நடுவில் தனியாகச் சிரித்தாள். என்னவென்று கேட்டேன்.

"பொறு அக்கா, முடிச்சிட்டுச் சொல்லுறன்."

முடித்தாள். சொல்லவில்லை.

அந்தக் கிழமைதான் யாழ்ப்பாணத்துப் பயிற்சிப் பள்ளியிலிருந்து நேர்முகத்துக்குக் கடிதம் வந்தது. கருவியில் சரளமாக வாசித்துக் காட்டினால் பயிற்சிக்கு இடம், தங்க விடுதி, பிறகு டீச்சர் வேலை.

போனை நான்தான் பார்த்துக்கொண்டேன். புள்ளிகள் எவ்வளவு விறைப்பாக நிற்க வேண்டும் என்று கூட்டிக் குறைக்க அதில் ஓர் இடம் இருக்கிறது. கொஞ்சம் குறைத்தேன். பிறகு இன்னும் கொஞ்சம். கறிக்கு உப்புப் போடுவது போலத்தான். ஒரேயடியாகக் கொட்டினால்தானே தெரியும்.

"அக்கா, மெஷின் பழுதோ? புள்ளியள் விரலுக்குக் கீழ அமுங்குது."

"எனக்கு நல்லா முட்டுதடி. உன்ர விரல்தான் மரத்துப்போச்சு போல."

வீட்டில் கருவாடு போடுகிற உப்பு அவள் விரலைத் தின்றுவிட்டது என்றார் அப்பா. அம்மா மடு மாதா கோயில் மண்ணைக் குழைத்து அவள் விரல்களில் பூசினார். "பாம்புக் கடிக்கே கேக்கிற மண், இதுக்குக் கேக்காதோ?" காய்ந்த மண் உதிர்ந்து கருவிக்குள் போய், சில புள்ளிகள் எழும்பவே இல்லை. நீங்கள் வந்து ஊதித் துடைத்து, எல்லாவற்றுக்கும் மண்தான் காரணம் என்று அம்மாவை ஏசினீர்கள். புள்ளிகள் எழும்புவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனீர்கள். விரல் வைத்துப் பார்க்கவில்லை. கண் தெரிந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான். மாதாவின் மண்மேல் பழி விழுந்ததற்காக நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

நேர்முகத்திலும் இதே கருவிதான். ஜெஸ்லியா சின்னப் பிள்ளை போல எழுத்துக் கூட்டினாள். பாதியில் அவள் தொண்டையும் அடைத்தது. யாரும் சிரிக்கவில்லை, அந்த அளவுக்கு அவள் கொடுத்துவைத்தவள். எல்லோரும் இரங்கினார்கள். இடம் தரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் அடுப்படிக்குப் போனாள். நான் பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அடுப்பில் வெறும் இரும்புத் தாச்சி சத்தமில்லாமல் காய்ந்துகொண்டிருந்தது. "விரலில உயிர் இருக்கோ எண்டு பாக்கப்போறன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கையை நீட்டினாள். என்ன நடக்கப்போகிறது என்று எனக்கு விளங்கியது. "சூடு" என்ற சொல் தொண்டையில் அடைத்துக்கொண்டது. எனக்கு அந்தத் தொண்டை வருத்தம் இருப்பதுதான் ஊருக்கே தெரியுமே.

விரலில் உயிர் இருந்தது. நன்றாகக் கத்தினாள்.

காயம் ஆறினாலும் நுனியில் உணர்வு திரும்பாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இப்போது பின்னேரங்களில் நான் வாசிக்கிறேன். சிரிப்பு வரும் இடத்தில் முதலில் நான் சிரிப்பேன். என்னவென்று கேட்பாள். உடனே சொல்லிவிடுவேன், நான் அவளைப் போல இல்லை.

இந்தாருங்கள் சிஸ்டர், கருவியும் போனும். விறைப்பைப் பழையபடி கூட்டி வைத்திருக்கிறேன். இரவல் வாங்கிய பொருளைக் கெடுத்துக் கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை.