எண்ணெய்க் கிண்ணம்

கண் தெரியாத கிளிக்குக் கொய்யாவை நறுக்கி வைத்தால் போதாது ஐயா. மூக்கருகே கொண்டுபோய்க் கையால் கொடுக்க வேண்டும்.

வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்றுதான் இங்கே ஸ்டேஷனில் இந்தத் தாளைக் கேட்டேன். முதியோர் பள்ளியில் படித்த எழுத்து; பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் இருசப்பன். வெள்ளையடிக்கிற வேலை. தீபம் வந்தால் கிரிவலப் பாதைச் சத்திரங்களுக்கெல்லாம் நான்தான் அடிப்பேன். சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் விட்டால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் உடனே எண்ணெய் விட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதனால் பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம் இல்லாமல் எங்களில் யாரும் கல்லை நீற்றுவதில்லை.

போன வருஷம் கிளி மேல் அப்படித் தெறித்துவிட்டது. எண்ணெய் விட்டும் கண் போய்விட்டது. அது தற்செயல். அதற்கு முன் கூண்டைத் திறந்தால் வேப்பமரத்துக்குப் பறந்துவிடும். பிறகு திறந்தே வைத்தாலும் போகவில்லை. என் காலடி கேட்டால் தலையைத் திருப்பும். வேறு எதுவும் என்னிடம் அப்படி இருந்ததில்லை.

என் மனைவி ஆராயி கீழ்பென்னாத்தூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கே போய்விடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அடித்தும் பார்த்தேன், காலில் விழுந்தும் பார்த்தேன். தீபத்துக்கு முதல் நாள் துணி மூட்டை கட்டிவிட்டாள்.

"இரு ஆராயி. கிளிகூட என்னை வுட்டுப் போவல, பாரு" என்றேன்.

சிரித்தாள். "அதுக்குக் கண்ணு இல்ல, உன்கிட்ட கெடக்குது. எனக்கு இருக்குதுய்யா. நான் போறேன்."

அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை.

"நம்ம வூட்டுச் சுவரு மட்டும் பாக்கி. தண்ணி ஊத்திக் குடுத்துட்டுப் போ" என்றேன்.

"கடைசி வேலையும் வாங்கிக்க" என்று குடத்தைத் தூக்கி வந்தாள்.

பானையில் கல்லை அதிகமாகவே போட்டிருந்தேன். கிட்டக் குனிந்து ஒரேயடியாக ஊற்றச் சொன்னேன். குனிந்தாள்.

அவள் கை தரையில் தடவித் தடவிக் கிண்ணத்தைக் கண்டுபிடித்தது. காலியாக இருந்தது. மத்தியானமே அந்த எண்ணெயை வாசல் அகல்களில் நான் ஊற்றியிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். அன்றிலிருந்து தலை வாரிவிடுவதும் சோறு பிசைவதும் நான்தான். இப்படிப் பார்த்துக்கொள்ளும் புருஷன் உண்டா என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அவள் அக்கா வந்துதான் உங்களிடம் சொன்னாள்.

சீக்கிரம் அனுப்பிவிடுங்கள் ஐயா, அவர்கள் இரண்டு பேருக்கும் வேறு ஆளில்லை. ஆராயி இன்னும் என் கையைத் தட்டிவிடுகிறாள். கிளியும் முதலில் கடித்தது. பிறகு பசி வந்தது.