தொட்டிக்கு ஏசி எதுக்கு

திருமயிலை ஸ்டேஷனில் ஏறிய இரண்டு இளைஞர்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். ஒருவன் மடியில் இட்லி மாவு பாக்கெட் இருந்தது. அவன் சொன்ன முதல் வாக்கியத்திலேயே நான் என் செல்போனைப் பார்ப்பதுபோல் நடிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"மச்சி, இத்தினி மாசமா நான் தண்ணித் தொட்டிலதான் குடியிருந்துகீறேன். நேத்துதான் தெரிஞ்சுது."

"இன்னாடா சொல்ற?"

"மொட்டை மாடில எனக்கு ஒரு ரூம் வாடகைக்கு விட்டாருல்ல ஓனர், பிளான்ல அந்த ரூமே கெடயாதாம். அந்த எடத்துல தண்ணித் தொட்டின்னு காட்டி அப்ரூவல் வாங்கிகீறாரு."

"யாரு சொன்னது?"

"அவரேதான். நாளைக்கு கார்ப்பரேஷன் ஆளுங்க பாக்க வர்றாங்களாம். கதவ சாத்திக்கினு சத்தம் போடாம உள்ளயே இருன்றாரு."

"தொட்டிக்கு எதுக்குடா ஏசின்னு கேப்பாங்களே?"

"வெளிய இருக்கிற பொட்டி மேல சாக்க போத்தி வச்சிகீறாரு. கேட்டா மோட்டார்னு சொல்லுவாராம்."

"நீ இன்னா, சும்மாவா வந்த?"

"இல்ல மச்சி, செம காண்டாயிட்டேன். மழை பெஞ்சா கூரை ஒழுவுது, மெத்தையெல்லாம் தண்ணி, மொதல்ல அத்த சரி பண்ணுன்னு கத்திட்டேன்."

"அதுக்கு இன்னா சொன்னாரு?"

ரயில் கோட்டூர்புரத்தில் நின்றது. மாவு பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தவன், இறங்கும்போது சொன்னான்.

"பிளான்படி அங்க தண்ணி இருக்கலாம் தம்பி, நீதான் இருக்கக் கூடாதுன்னாரு."